முனிரத்தினம் விட்ட விடுமுறை

சாலவாக்கத்துக்கு அப்பால், செங்கல்பட்டு மாவட்ட எல்லைக்கு ஒரு வாய்க்கால் இப்புறம் இருக்கும் எங்கள் ஊரில், பள்ளிக்கல்வித் துறையின் எந்த முடிவும் முனிரத்தினம் அறிவித்த பிறகே செல்லுபடியாகும். துறைக்கு மட்டும் இந்த விதி தெரியாது.

அவர் ஆசிரியர் அல்லர். இரண்டரை ஏக்கர் நெல் பயிரிடுபவர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவராக இருந்தபோது அவரை ஏழு வாட்ஸ்அப் குழுக்களில் சேர்த்தார்கள். பதவி முடிந்தது, மகன்கள் படித்து முடித்து ஒரகடத்தில் வேலைக்கும் போய்விட்டார்கள். குழுக்களிலிருந்து அவரை நீக்க வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. விடிந்ததும் வயலுக்கு மடை திறப்பதற்கு முன் சுற்றறிக்கைகளைத் திறப்பார். காலாண்டுத் தேர்வு அட்டவணை, இலவச சைக்கிள் வரும் தேதி, ஆய்வுக்கு வரும் அலுவலரின் பெயர் ஆகிய யாவும் அம்மன் கோயில் ஒலிபெருக்கி வழியாக முதலில் ஊருக்கும், ஊர் வழியாகத் தலைமையாசிரியைக்கும் போய்ச் சேரும்.

ஆனாலும் அவருடைய புகழ் நிலைத்து நின்றது மழைக்கால விடுமுறையில்தான். இத்தனை ஆண்டுகளில் ஒரு லீவுச் செய்தியும் தவறியதில்லை.

கடந்த கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, ஈடுசெய் வேலைநாள். விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு, ‘காஞ்சிபுரம் மாவட்டப் பள்ளிகள்’ என்ற குழுவில் ஒரு செய்தி வந்தது: ‘கனமழை காரணமாக அனைத்துப் பள்ளிகளுக்கும் இன்று விடுமுறை.’ வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்கு ஒலிபெருக்கி முழங்கியது. பிள்ளைகள் போர்வைக்குள் திரும்பினார்கள்.

எட்டரை மணிக்கு, ஊர் நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியை சுதா தொலைபேசியில் அழைத்தார்.

“ஐயா, ஒரு புள்ளைகூட வரல. ஊர்ல ஏதாவது சாவுங்களா?”

“லீவு வுட்டாச்சேம்மா!”

“யாருங்க வுட்டது?”

இந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. அவர் அந்தக் குழுவை மீண்டும் திறந்தார். மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது பாதிப் பள்ளிகள் செங்கல்பட்டுக்குப் போயின. குழுவின் பெயர் மட்டும் பழையபடியே இருந்தது. செய்தி அனுப்பியவர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தலைமையாசிரியர். மழை வாய்க்காலின் இரு கரையிலும் பெய்தது; விடுமுறை ஒரு கரைக்குத்தான்.

அவர் இதை ஜீரணிப்பதற்குள் வாசலில் முனியம்மாள் வந்து நின்றாள். ஏரிக்கரைக் குடியிருப்பில் இருந்து நடவு வேலைக்குப் போகிறவள். அவள் மகள் இளமதி ஒன்பதாம் வகுப்பு. அன்று பத்து மணிக்கு உத்திரமேரூரில் அந்தப் பெண்ணுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு. தேறினால் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை உதவித்தொகை உண்டு. தேறாவிட்டால் அதற்கு மேல் படிப்பா வேலையா என்பது அந்த வீட்டில் பேசி முடித்த விஷயம். தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளை ஒலிபெருக்கியில் சொன்னவரும் முனிரத்தினம்தான்.

“லீவுன்னியே நைனா, பரீச்சயும் லீவா?” பாலித்தீன் பைக்குள் இருந்த ஹால் டிக்கெட்டை நீட்டினாள். “உன் மைக்க கேட்டுத்தான் ஏழே முக்கா பஸ்ஸ வுட்டோம்.”

“இரும்மா, பாக்குறேன். அதுக்கு தனி சர்க்குலர் வந்திருக்கும்.”

அவர் தேடத் தொடங்கினார். தாம் தவறவில்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஒரு சுற்றறிக்கை கிடைத்தால் போதும். கழிவறைத் தூய்மை பற்றிக் கிடைத்தது. சிறுதானிய விழிப்புணர்வு பற்றி மூன்று கிடைத்தன. மணி எட்டே முக்கால்.

“அடுத்த பஸ்ஸு பத்தே காலுக்கு” என்றாள் இளமதி, யாரையும் பார்க்காமல்.

“நீ தேடிக்கினே இரு நைனா. நாங்க நடந்து போறோம். பதினாறு கிலோமீட்டருதான, போய் சேர்ந்தா எங்கள பத்தியும் மைக்ல சொல்லு.”

முனிரத்தினம் கைப்பேசியை வேட்டி மடிப்பில் செருகினார். எண்ணெய் வழியும் மொபெட்டை வெளியே தள்ளினார்.

“ஏறுங்க” என்றார். பிறகு, தம் பொதுவாழ்வில் முதன்முறையாக, “எனக்கு தெரியலம்மா” என்றார்.

“இத ஆறு மணிக்கு சொல்லியிருந்தா பேஜாரே இல்ல” என்றபடி முனியம்மாள் பின்னால் ஏறினாள்.

மூவரும் மொபெட்டில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனார்கள். வழியில் இருமுறை வண்டி நின்றது. இரண்டாம் முறை அவரே தள்ளிக்கொண்டு ஓடினார். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இளமதி சொட்டச் சொட்டத் தேர்வறைக்குள் போனாள்.

பதினொன்றரைக்கு, வாசலில் நனைந்து நின்றவரின் மடியில் கைப்பேசி அதிர்ந்தது. மழை வலுத்ததால் காஞ்சிபுரம் மாவட்டப் பள்ளிகளுக்கும் பிற்பகல் விடுமுறை. மாணவர்கள் பாதுகாப்பாக வீடு சேர்ந்ததை உடனே உறுதிசெய்க. வட்டாரத்தில் முதல் பதில் சுதாவிடமிருந்து போனது: ‘நூறு சதவீத மாணவர்களும் வீட்டில் பாதுகாப்பாக உள்ளனர்.’ ஒரு சொல்லும் பொய்யில்லை. மாலைக்குள் அவருக்குப் பாராட்டும் வந்தது.

ஊரில் அதைவிடப் பெரிய பாராட்டு முனிரத்தினத்துக்குக் காத்திருந்தது. “கவர்மெண்டுக்கு அஞ்சு மணி நேரம் முன்னாடியே நம்ப ஆளு சொன்னாரு, பாத்தியா!” என்றார் டீக்கடையில் கிருஷ்ணசாமி. முனிரத்தினம் மறுக்க வாயெடுத்தார். கடைக்கு வெளியே முனியம்மாள் நின்றிருந்தாள். அவர் டீயைக் குடிக்காமலே எழுந்து கோயிலுக்குப் போய், ஒலிபெருக்கியில் அறிவித்தார்: “காலைல நான் சொன்ன லீவு தப்பு. பக்கத்து ஜில்லாவுக்கு வுட்ட லீவு.”

ஊர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டது.

தேர்வு முடிவு இன்னும் வரவில்லை. அடுத்த மழைநாளில் முனிரத்தினம் மைக்கை எடுத்தபோது, கோயில் கூரையின் கீழ் மழைக்கு ஒதுங்கி நின்ற முனியம்மாள் கேட்டாள்:

“இன்னா நைனா, இன்னிக்கு எந்த ஜில்லாவுக்கு வுடப் போற?”

அவர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, அன்றைய விடுமுறைச் செய்தியை அனுப்பியவரின் எண்ணை அழைத்தார்.