ரப்பர் தவளைக்குப் பாய்ந்த விரால்

இந்தப் பக்கத்தில் யாரும் முதலில் பேர் கேட்பதில்லை. "எந்தக் கம்பெனி?" என்றுதான் கேட்கிறார்கள். அடுத்த கேள்வி "எந்த ஷிப்ட்?" பேர், ஊரெல்லாம் பிறகு, நேரமிருந்தால். டீக்கடையில் கேட்டார்கள், சலூனில் சவரக்கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது பக்கத்துப் பெஞ்சுக்காரர் கேட்டார். சரி, சென்னைக்குப் பக்கத்தில் இந்த ஒரகடம் இப்படித்தான் என்று பழகிக்கொண்டேன். ஆனால் முதல் முறையாகத் தூண்டில் ராடைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரையில் போய் நின்றபோது, அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்தவரும் அதையே கேட்டார் பாருங்கள், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடி கம்பெனி, கார் சைடு மிரர் செய்கிறோம், பி ஷிப்ட் என்று ஒப்பித்தேன். அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு என் தூண்டில் முனையைப் பிடித்துப் பார்த்தார். "இன்னாபா இது, ரப்பர்ல தவள? இத்த எந்த மீன் துன்னும்?" துன்னாது, ஆனால் கடிக்கும் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் மாடே திரும்பிப் பார்த்தது.

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்துகொண்டு இதை வாசிக்கும் என் ஊர்க்காரர்களும் இப்போது சிரித்திருப்பீர்கள். நம் ஊரில் மீன் என்றால் கடல் மீன். சாளை, விளமீன், பாறை. குளத்து மீனை யாராவது வாங்கி வந்தால் "சேறு வாடை அடிக்கும், வாசல்லயே வையி" என்பாள் என் அம்மா. மீன் பிடிப்பது அங்கே தொழில். பொழுதுபோக்குக்காக மீன் பிடிக்கிறேன் என்று சொன்னால் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று கேட்பார்கள். கடல் இல்லாத ஊருக்கு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கு அந்தக் கிறுக்கு பிடித்தது. இங்கே கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடுவில் எங்கே பார்த்தாலும் ஏரி. நாம் குளம் என்று சொல்வதைத்தான் இவர்கள் ஏரி என்கிறார்கள். காம்பவுண்டு சுவரின் மேல் எட்டிப் பார்த்தால் லாரிகள், அதைத் தாண்டித் தண்ணீர், தண்ணீருக்கு அந்தப் பக்கம் இன்னொரு காம்பவுண்டு சுவர்.

ரூமில் வார லீவன்று எல்லோரும் தூங்குவார்கள். எனக்குப் பகலில் தூக்கம் வராது. போனில் மீன் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் பாஸ் பிடிக்கிற வீடியோ. பாஸ் என்பது அவர்கள் ஊர் ஏரி மீன், பச்சை முதுகு, வாய் மட்டும் டிபன் பாக்ஸ் மாதிரி அகலம். அது நம் பக்கத்தில் கிடையாது. ஆனால் பாசிக்கு அடியில் பதுங்கிக் கிடந்து, மேலே போகிற தவளையை ஒரே பாய்ச்சலில் வாயில் போடுகிற புத்தி நம் விராலுக்கும் உண்டு. அதனால் பாஸுக்கு அவர்கள் சொல்லும் பாடத்தில் பாதிக்கு மேல் விராலுக்கும் அப்படியே பொருந்தும். இது எனக்குப் புரிந்த அன்றைக்கு ரூமில் தனியாகக் கை தட்டினேன். மேல் கட்டிலில் இருந்த மதுரைக்காரன் தலையணையை விட்டெறிந்தான்.

நம் ஆட்களில் யாருக்காவது ஆசை இருந்தால் சொல்கிறேன், பெரிய சாமான் எதுவும் வேண்டாம். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, கொஞ்சம் விறைப்பான ஒரு ராடு. சாதாரண ஸ்பின்னிங் ரீல் போதும். ஆரம்பத்திலேயே பெரிய ரீலை வாங்கினால் நூல் சிக்கெடுப்பதிலேயே லீவு முடிந்துவிடும். நைலான் நரம்புக்குப் பதில் பின்னல் நூல் போடுங்கள், ஆகாயத்தாமரைத் தண்டை அது அறுத்துக்கொண்டு வரும். உள்ளே காற்று நிறைந்த ரப்பர் தவளை ஒன்று. அதன் முள் முதுகோடு ஒட்டிப் படிந்திருக்கும், பாசியில் மாட்டாது. விரால் கவ்வித் தவளை நசுங்கும்போதுதான் முள் வெளியே வரும். இலைக்கூட்டத்தைத் தாண்டி எறிந்து, தத்தித் தத்தி இழுத்து, இடைவெளித் தண்ணீர் வந்ததும் நிறுத்துங்கள். அங்கேதான் அடிக்கும். அடித்த சத்தத்தில் நெஞ்சு தூக்கிவாரிப் போடும், உடனே சுண்டிவிடத் தோன்றும். சுண்டாதீர்கள்! தவளை உள்ளே போய் நூல் இழுபடும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நில்லுங்கள், பிறகு சுண்டுங்கள். ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை.

இதெல்லாம் எனக்கு நன்றாகத்தான் வந்தது. வராதது ஒன்றே ஒன்று. ஸ்டெல்லாவின் அப்பாவிடம் பேசுவது.

ஸ்டெல்லா எங்கள் லைனில் குவாலிட்டி பார்க்கிறவள். ஏரிக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பெண். நான் மாட்டிய கண்ணாடியில் கீறல் இருக்கிறதென்று அவள் திருப்பி அனுப்பி அனுப்பித்தான் எங்களுக்குள் பேச்சே ஆரம்பித்தது. அவள் அப்பா சாலமன், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஆள் ஏற்றி வரும் எங்கள் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். முதலில் எல்லோரையும் போல "டிரைவர் அண்ணே" என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் காதல் விஷயம் அவருக்குத் தெரிந்த பிறகு அண்ணே என்று கூப்பிட நாக்கு எழவில்லை, மாமா என்று கூப்பிடத் தைரியம் இல்லை. ஒன்றும் சொல்லாமல் ஏறி, ஒன்றும் சொல்லாமல் இறங்கினேன். ஒரு நாள் எல்லோரும் இறங்கியதும் அவரே கூப்பிட்டார்.

"ஒன்ன கெட்டவன்னு சொல்லல தம்பி. சவுத்து பசங்க எத்தினி பேர ஏத்தி எறக்கிகினு கீறேன். காண்ட்ராக்ட் முடிஞ்சா பேக்க மாட்டிகினு போய்கினே இருப்பீங்க. எம் பொண்ண நா எங்கனு தேடுவேன்?"

அவர் சொன்னது பொய்யில்லையே. என் ரூமிலேயே கட்டிலுக்கு ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது.

ஸ்டெல்லாதான் வழி சொன்னாள். "எங்கப்பாக்கு வெரால் கொழம்புன்னா உயிரு. சண்டே ஏரிக்கு வா. அவரும் வருவாரு. அவர் கண்ணு முன்னாடி ஒண்ணு புடி, எட்துகினு நேரா எங்க வூட்டுக்கு வந்துடு. அம்மா மசாலா அரைச்சி வெச்சிடும். துன்னுகினே பேசிக்கலாம்." எவ்வளவு அழகான திட்டம்! அந்த வாரம் முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. அவள் திருப்பி அனுப்பிய கண்ணாடிகளே அதற்குச் சாட்சி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானும் சாலமனும் ஏரிக்குப் போனோம். அவர் மூங்கில் கழியில் புழு கோத்துப் போட்டுவிட்டுத் தக்கையைப் பார்த்தபடி உட்கார்ந்தார். நான் சற்றுத் தள்ளி நின்று தவளையை எறிந்தேன். என் ரீல் சுற்றுகிற சத்தத்துக்கு ஒவ்வொரு முறையும் அவர் முகம் சுளித்தார். அல்லி இலைகளுக்கு நடுவே கொஞ்சம் தெளிந்த தண்ணீர் இருந்தது. தவளை அங்கே வந்து நின்றது. அடித்தது பாருங்கள் ஒரு அடி, கரையில் இருந்த கொக்கு பறந்தே போய்விட்டது! பொறுத்தேன். நூல் இழுபட்டது. சுண்டினேன். ராடு வில்லாக வளைந்தது. சாலமன் கழியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "வுடாத, வுடாத! லெஃப்ட்ல இழு! பாசில போய்டப் போவுது!" பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கிறவனுக்குச் சொல்வது போலக் கையை ஆட்டிக்கொண்டே சொன்னார். கரைக்கு வந்த விரால் என் முழங்கையைத் தாண்டி நீளமாக இருந்தது. அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. "அட்ரா சக்க!" என்று என் முதுகில் ஒன்று வைத்தார். என் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் தண்ணீரைப் பார்த்தேன். மீன் பாய்ந்த இடத்தில் செக்கச்செவேலென்று ஒரு கூட்டம் மேலே வந்து வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. விரால் குஞ்சுகள். இது பசியில் பாயவில்லை, குஞ்சுகளுக்கு மேலே போன தவளையை விரட்டப் பாய்ந்திருக்கிறது. காவலுக்கு இருக்கிற மீனை எடுத்துவிட்டால் மற்ற மீன்கள் அந்தக் கூட்டத்தைச் சாயங்காலத்துக்குள் காலி செய்துவிடும். வீடியோக்காரர்கள் பிடித்ததையெல்லாம் விடுவார்கள். நான் அப்படியில்லை, தின்பேன். ஆனால் குஞ்சோடு இருப்பதை மட்டும் விட்டுவிடுவது என் பழக்கம். கை தானாக முள்ளைக் கழற்றியது. மீனைத் தண்ணீரில் பிடித்து வாலை ஒரு தடவு தடவி விட்டுவிட்டேன். அது போன பிறகுதான் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பது ஞாபகம் வந்தது.

சாலமன் வெறும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நூலைக் கழியில் சுற்றி வண்டியில் கட்டினார், என்னைப் பின்னால் உட்கார வைத்தார், நேராக வீட்டுக்கு ஓட்டினார்.

வீட்டில் மசாலா வாசனை தெரு முனைக்கே வந்துவிட்டது. ஸ்டெல்லாவின் அம்மா அரிவாள்மனையைக் கழுவி வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். "மீன் எங்க?" என்றார். சாலமன் என்னைக் காட்டினார். "கையில வந்த வெரால தடவிக் குட்து அனுப்பி வெச்சிட்டான் மாப்ள." ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைவிட ஏரியில் குதித்திருக்கலாம். அந்த மசாலாவில் முட்டையை வேகவைத்துப் போட்டார்கள். எல்லோரும் உட்கார்ந்தோம். சோற்றில் கை வைத்தபடி சாலமன் ஆரம்பித்தார்.

"கைக்கு வந்தத வெச்சிக்கத் தெரியல ஒனக்கு. நாளைக்கு எம் பொண்ணையும் இப்டித்தான வுட்டுட்டுப் போவ?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மரியாதையெல்லாம் மறந்துபோய், அடக்கி வைத்திருந்த ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "போறவனா இருந்தா எதுக்கு விடுதேன்? தூக்கிட்டு வந்து தின்னுட்டுல்லா போயிருப்பேன்? அடுத்த வருசமும் இதே கரையில நிக்கணும், அந்தக் குஞ்செல்லாம் பெருசாயி நிக்கணும்னு நெனைக்கவன்தான மாமா விடுவான்?"

சொன்ன பிறகு எனக்கே திக்கென்றது. மாமா என்று சொல்லிவிட்டேன். அதைவிட, இந்த ஊரில்தான் அடுத்த வருஷமும் இருப்பேன் என்று அதுவரை நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. சாலமன் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தார். "துன்னு" என்றார். ஸ்டெல்லாவின் அம்மா ஸ்தோத்திரம் சொன்னார். ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள், தோள் மட்டும் சிரிப்பில் குலுங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதே வேகத்தில் அம்மாவுக்குப் போன் போட்டேன். கை முழுக்கக் குழம்பு, அதனால் ஸ்டெல்லாதான் ஸ்பீக்கரில் போட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மாமா சம்மதித்துவிட்டார் என்றேன். அங்கே அம்மா அழுதாள், சிரித்தாள், அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"ஏலே அந்தோணி, கல்யாணம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் இங்கன ஊரோட வந்துருவியள்லா?"

சாலமன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஸ்டெல்லாவும் பார்த்தாள். நான் கைக்கு அள்ள முடிந்த சோற்றையெல்லாம் அள்ளி வாய் நிறைய வைத்துக்கொண்டேன்.

"ஏலே, கேக்குதா?" என்றாள் அம்மா.

"கேக்குது சம்மந்தி" என்றார் சாலமன், என் வாயையே பார்த்துக்கொண்டு. "வாயில சோறு கீது. முழுங்கிட்டுச் சொல்லுவான்."