பூஜையில் வைத்த சர்வர்

ராஜிக்கு ஒரு குணம் உண்டு. வீட்டில் எந்தப் பொருளுக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும். அது அந்த இடத்தில் இல்லையென்றால் அவளுக்குச் சோறு இறங்காது. கோயம்புத்தூரில் ஒரு பம்பு செட் கம்பெனியில் கணக்கும் கம்ப்யூட்டரும் பார்த்துக்கொண்டிருந்தவள். புருஷன் சபரிக்குப் புனே பக்கத்தில் சாகணில் கார் தொழிற்சாலை வேலை கிடைத்ததும், தன் வேலையை விட்டுவிட்டு அவனோடு புனே வந்து மோஷியில் குடியேறினாள். வந்தவள் சும்மா இருந்தாளா? அடுக்கின பாத்திரத்தையே கலைத்துக் கலைத்து அடுக்கினாள். சபரி பயந்துபோய், எங்கேயாவது வேலைக்குப் போய்விடு தாயே என்று கும்பிட்டான்.

கிடைத்தது போசரியில் ஒரு சின்னப் பட்டறையில் போன் எடுக்கிற வேலை. இரும்பைக் கடைந்து துளை போட்டுக் கார் கம்பெனிகளுக்குப் பாகங்கள் செய்து கொடுக்கிற இடம். முதலாளி ரோஹிணி. பட்டறையே அவளை ‘ரோஹிணி தாயி’ என்று கூப்பிடும். மராத்தியில் தாயி என்றால் அக்கா. அதிகம் பேசமாட்டாள், பேசினால் மாற்றமாட்டாள்.

அங்கே மாடியில் பாகங்களுக்குக் கம்ப்யூட்டரில் படம் வரைவார்கள். அதைப் பென் டிரைவில் ஏற்றிக் கீழே மெஷினுக்குக் கொண்டுபோவார்கள். யாருடைய பென் டிரைவில் எந்தப் படம் இருக்கிறது, அது பழசா புதுசா என்று யாருக்கும் தெரியாது. கீழே ஃபோர்மன் வால்டர். மூன்று தலைமுறையாகப் புனேயிலேயே கோர்படியில் இருக்கிற தமிழ்க் குடும்பம். தமிழை இந்தியில் தோய்த்து மராத்தியில் புரட்டி எடுத்துப் பேசுவார், ஆனால் மெஷின் விஷயத்தில் கெட்டிக்காரர். அவர் கழுத்தில் சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு பென் டிரைவும் தொங்கும். ஒரு நாள் அதிலிருந்த பழைய படத்தை வைத்து ஒரு லாட் முழுவதையும் வெட்டித் தள்ளிவிட்டார்கள். அவ்வளவும் காயலான் கடைக்குப் போயிற்று.

ராஜிக்குப் பொறுக்கவில்லை. நேராக ரோஹிணியிடம் போய், எல்லாப் படமும் ஒரே கம்ப்யூட்டரில், ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும், மற்ற கம்ப்யூட்டர்கள் அதை அங்கேயே திறந்து பார்க்கட்டும், நான் செய்து தருகிறேன் என்றாள். ரோஹிணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தசரா வரை பார்க்கலாம், ஒழுங்காக ஓடினால் பட்டறையின் கம்ப்யூட்டர் அத்தனையும் உன் பொறுப்பு, ஒரு நாள் வேலை நின்றாலும் பென் டிரைவ் திரும்பி வரும், நீயும் போனுக்கே திரும்பிப் போய்விடு என்று சொல்லிவிட்டாள்.

ராஜி வேலையில் இறங்கினாள். ஆபீஸ் மூலையில் கம்பிவலைக் கதவு போட்ட ஓர் அலமாரியில் சர்வரை வைத்துப் பூட்டினாள். ஆளுக்கு ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. மாடிக்காரர்கள் ஃபோல்டரில் எழுதலாம், திருத்தலாம். கீழே இருக்கிறவர்கள் திறந்து ஓட்டலாம், கை வைக்க முடியாது. எல்லார் திரையிலும் அந்த ஃபோல்டர் ‘இசட் டிரைவ்’ என்ற பெயரில் வந்து நிற்க வேண்டும். நின்றதா? முதல் நாள், ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்ட ஓரகத்திகள் மாதிரி ஒரு கம்ப்யூட்டரும் இன்னொன்றின் முகத்தில் விழிக்கவில்லை. ஒன்று வேறு குழுவின் பெயரை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தது. இன்னொன்றில் ஃபயர்வால் யாரையும் உள்ளே விடவில்லை. ராஜி சாப்பாட்டை மறந்து ஒவ்வொன்றாக வழிக்குக் கொண்டுவந்தாள். வால்டர் திரையில் ஒரு படத்தைத் திருத்தப் பார்த்து ‘அனுமதி இல்லை’ என்று வந்ததும், எனக்கே அனுமதி இல்லையா என்று ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவரே வந்து, தேடாமல் கொள்ளாமல் படம் கிடைக்கிறது என்று ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு துண்டு இரும்புகூட வீணாகவில்லை.

தசரா நெருங்கியது. நவமியன்று காலையில் பட்டறையில் மெஷின்களுக்குப் பூஜை என்று சொன்னார்கள். ராஜி வீட்டுப் பூஜைக்காக லீவு கேட்டாள், ரோஹிணியும் கொடுத்தாள். நவமிக்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு ராஜி சர்வரை அணைத்தாள், துடைத்தாள், சந்தனம் குங்குமம் வைத்து ஒரு முழம் சாமந்தியும் சாத்தி அலமாரியைப் பூட்டினாள். அவள் மேல் என்ன தப்பு? அவள் ஊரில் ஆயுத பூஜை என்றால் அப்படித்தான். பூஜையில் வைத்த பொருளை மறுநாள் விஜயதசமிக்குத்தான் தொடுவார்கள். ஊருக்கெல்லாம் ஒரே வழக்கம் என்று நினைத்துவிட்டாள், யாரையும் கேட்கத் தோன்றவில்லை. அலமாரிச் சாவியையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சரஸ்வதி படத்தின் முன் புத்தகங்களோடு வைத்துவிட்டாள்.

நவமியன்று காலை. பூஜை முடித்துச் சுண்டலைக் கிண்ணத்தில் போடும்போது போன் அடித்தது. வால்டர்.

“ராஜிம்மா, உன் இசட் டிரைவ் பந்த் ஆயிடுச்சு. சர்வர் அலமாரி பூட்டியிருக்கு.”

“பூஜையில வெச்சிருக்குதுங்ணா. நாளைக்குத்தான் எடுக்கோணும்.”

வால்டர் நிதானமாக விளக்கினார். இங்கே மெஷினுக்கு ஆரத்தி காட்டின கையோடு முகூர்த்தத்துக்குள் ஒரு பாகமாவது வெட்ட வேண்டும். அப்போதுதான் வருஷம் முழுக்க வேலை ஓடும் என்று நம்பிக்கை. இந்த வருஷம் புதுக் கம்பெனி ஆர்டரின் முதல் பாகத்தை வெட்டப்போகிறார்கள், அதைப் பார்க்கச் சாகணிலிருந்து அந்தக் கம்பெனி ஆளே வந்து நிற்கிறார். படமோ ராஜியின் சர்வருக்குள் சந்தனம் பூசிக்கொண்டு தூங்குகிறது.

ரோஹிணி ராஜிக்குக் கொடுத்த கெடுவின் கடைசி நாள் அது. வேலை நின்றுவிட்டது, நிறுத்தியதும் அவளேதான். ஆனால் சாவியைப் பார்த்தால் கை வரவில்லை. பிறந்ததிலிருந்து இந்த நாளில் பூஜையில் வைத்த ஒரு பென்சிலைக்கூட அவள் எடுத்தது கிடையாது. சபரி எடுத்துத் தரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் படத்தின் முன் கைகூப்பினாள்.

“தாயே, உம்பட வேலைக்குத்தான் எடுக்கறேன். கோவிச்சுக்காதே.”

எடுத்தாள். வண்டியைக் கிளப்பினாள். சாலை நெடுக செண்டு பூவும், தசராவுக்குத் தங்கம் என்று சொல்லிக் கொடுக்கிற ஆப்டா இலையும் விற்கிற கூட்டம். எல்லார் வண்டியிலும் மாலை தொங்க, தன் வண்டிக்கு மட்டும் பூ வைக்க மறந்தது அவளுக்குப் பாதி வழியில்தான் உறைத்தது.

பட்டறையில் எல்லாரும் சர்வர் அலமாரியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். ராஜி யார் முகத்தையும் பார்க்காமல் பூட்டைத் திறந்தாள், மாலையை ஒதுக்கினாள், பொத்தானை அழுத்தினாள். மின்விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் திரையில் எழுத்து வந்தது: அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள். பாழாய்ப்போன அப்டேட்டுக்கு நாள் கிடைத்தது பார். ராஜிக்கு அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போல் இருந்தது. புரோகிதர் வாட்சைப் பார்த்தார். முகூர்த்தம் முடியப் போகிறது.

வால்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சட்டைக்குள் கைவிட்டார். வெளியே வந்தது பென் டிரைவ். போன வாரம் இருக்கட்டுமே என்று ஒரு காப்பி எடுத்து வைத்தாராம். ரோஹிணி ராஜியைப் பார்த்தாள். ராஜி சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முகூர்த்தம் தப்பித்துவிடும், எல்லாரும் கை தட்டுவார்கள். அதோடு ராஜியின் ஃபோல்டர் கதை முடிந்துவிடும். அதைக்கூட அவள் விழுங்கிக்கொண்டிருப்பாள். ஆனால் அவளுக்கு இன்னொன்று தெரியும்.

“அது வேண்டாங்ணா,” என்றாள். “முந்தாநாள் ஒரு துளையை நகர்த்தச் சொன்னாங்க. திருத்தின படம் இதுக்குள்ளதான் இருக்குது.”

சாகண்காரருக்குத் தமிழ் தெரியாது. ராஜி தன் உடைந்த இந்தியில் திரும்பச் சொன்னாள். அவர் ஆமாம், நாங்கள்தான் மாற்றச் சொன்னோம் என்றார். வால்டர் பென் டிரைவை மறுபடியும் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். “அப்போ காத்திருப்போம்மா” என்று அவரே சொன்னார்.

திரையில் எண் நகர்ந்தது. மெதுவாக, வேண்டுமென்றே நகர்கிற மாதிரி. எண் நூறைத் தொடுவதற்குள் புரோகிதர் கையை விரித்துவிட்டார். முகூர்த்தம் போய்விட்டது. ராஜி மாலையின் நூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கிவிட்டது.

ரோஹிணி ஆரத்தித் தட்டைக் கொண்டுவரச் சொன்னாள். காலையில் எல்லா மெஷினுக்கும் காட்டிவிட்டு இந்தப் பெட்டியை விட்டுவிட்டோம் என்று சொல்லி, ராஜி வைத்த சந்தனத்துக்குப் பக்கத்திலேயே மஞ்சளும் குங்குமமும் இட்டு, சர்வருக்கு ஆரத்தி சுற்றினாள். பிறகு புரோகிதரிடம் திரும்பி, இந்தப் பெட்டியை இவள் ஓட்டியபோது நேரம் பாக்கி இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்றார் அவர்.

“அப்படியானால் முகூர்த்தம் தப்பவில்லை,” என்று ரோஹிணி இந்தியில் சொன்னாள். “இந்த வருஷம் முதல் மெஷினை ராஜி ஓட்டியிருக்கிறாள்.”

கீழே வால்டர் திரையில் இசட் டிரைவ் வந்து நின்றது. மெஷின் உறுமி, முதல் பாகம் எண்ணெயில் நனைந்து பளபளத்து வெளியே வந்தது. சாகண்காரர் துளையை அளந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பையன்கள் பேடாவை ஆளாளுக்கு வாயில் திணித்தார்கள். ராஜியின் வாயிலும் ஒன்று.

அந்த நேரம் பார்த்து ஆபீஸ் மேஜையில் போன் அடித்தது. ராஜி பழக்கத்தில் பேடாவோடு ஓடினாள். ரோஹிணி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

“அதை விடு. போன் எடுக்க நான் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்.”