நானூற்றுப் பன்னிரண்டாம் அட்டை

ஆரின் ஸ்லேட்டிடம் அறுநூற்று நாற்பத்துமூன்று கையெழுத்துகள் இருந்தன. வேண்டியது அறுநூற்று நாற்பத்துநான்கு.

1971ஆம் வருடத்து பேஸ்பால் அட்டை வரிசை அது. பபிள்கம் பாக்கெட்டுக்குள் வைத்துப் பெட்டிக்கடைகளில் விற்றது. அட்டையைச் சேர்ப்பவர்கள் ஊரில் நிறைய பேர். ஆரினுக்கு அட்டை மட்டும் போதவில்லை. ஒவ்வொரு அட்டையிலும் அந்தந்த ஆட்டக்காரன் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், அதுவும் தபாலில் போய்த் தபாலிலேயே திரும்பி வர வேண்டும். அட்டை, ஒரு கடிதம், தன் முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய ஓர் உறை. இவ்வளவுதான் செலவு. பிறகு காத்திருக்க வேண்டும்.

ஓஹாயோ ஆற்றங்கரையில், ஈஸ்ட் லிவர்பூலின் பீங்கான் ஆலையில் முப்பத்திரண்டு வருடம் கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டியவர் அவர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதலில் தபால் பெட்டி, பிறகுதான் மனைவி வெல்மா. வெல்மாவைப் புதைத்துவிட்டு வந்த அன்றும் கல்லறைச் சேறு ஒட்டிய காலணியோடு பெட்டியைத் திறந்து பார்த்தார். இரண்டு உறைகள் வந்திருந்தன. மகள் டார்லீன் அதை மறக்கவே இல்லை.

அறுபத்தொரு வயதில் மூச்சு நின்றுபோகப் பார்த்தது. களிமண் தூசி நுரையீரலில் கல்லாகிவிட்டது என்றார் டாக்டர். ஊரில் பாதிப் பேருக்கு அந்த நோய்தான். மூக்கில் ஒரு குழாயும் பக்கத்தில் சக்கரம் வைத்த ஆக்சிஜன் சிலிண்டருமாக 1993இன் கோடையைத் தள்ளினார். இன்னொரு குளிர்காலம் தாங்காது என்பது அவருக்கும் தெரியும், டார்லீனுக்கும் தெரியும். அட்டைகளை எண் வரிசைப்படி செருகி வைத்திருந்த ஆல்பத்தில் நானூற்றுப் பன்னிரண்டாம் பை மட்டும் காலி.

அந்த அட்டைக்காரன் பெயர் டேல் கார்விக். ஒரே ஒரு ஆட்டப் பருவம் பந்து எறிந்துவிட்டுக் காணாமல் போனவன். அட்டை அச்சடித்தவர்கள் படத்தை மாற்றிப் போட்டிருந்தார்கள். பெயர் கார்விக்குடையது, முகம் அதே அணியில் இருந்த லானி பீவி என்ற புதுப் பையனுடையது. பீவி ஆடியது மூன்றே ஆட்டம். இப்படிப்பட்ட தவறுகள் சேகரிப்பவர்களுக்குச் சர்க்கரை மாதிரி. ஆரினும் வருடம் தவறாமல், இருபத்திரண்டு வசந்தத்தில் இருபத்திரண்டு அட்டைகளை கார்விக்குக்கு அனுப்பினார். கூடவே ஒரு கேலியும் எழுதுவார். 'அந்தப் பையன் உங்களைவிட அழகன் என்றுதான் மாற்றிப் போட்டார்களாமே?' 'அவன் மூஞ்சியின் மேலேயே உங்கள் பெயரைப் போட்டுப் பழி தீர்த்துக்கொள்ளுங்கள்!'

ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

"ஸ்டாம்பைக் கிழிச்சு வித்துத் திங்கிறான் போல," என்பார் ஆரின்.

செப்டம்பர் சனிக்கிழமை ஒன்றில் டார்லீனின் காரில் ஏறி உட்கார்ந்தார்.

"தபால்ல வந்தாதான் கணக்குன்னு சொல்லுவியே அப்பா? இப்ப நேர்ல போறியே, உன் சட்டம் என்னாச்சு?"

"இந்தத் தடவை தபால்காரன் நான்தான்டி. ஓட்டு."

நாலு மணி நேரம். மேற்கு வர்ஜீனியாவின் மலைச்சரிவில், மர அறுவை ஆலையைத் தாண்டி ஒரு தகர வீடு. டார்லீனை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு சிலிண்டரை இழுத்துக்கொண்டு ஆரின் படியேறினார். மூன்று படிக்கு நாலு தடவை நின்றார். கதவைத் திறந்த மனிதனின் சட்டையெல்லாம் மரத்தூள்.

"நான் ஆரின் ஸ்லேட்டுங்க. ஈஸ்ட் லிவர்பூல். வருஷா வருஷம் உங்களுக்குக் கடுதாசி..."

"அழகன் அழகன்னு எழுதுற ஆளு," என்றார் கார்விக். "உக்காருங்க, விழுந்துடப் போறீங்க."

எல்லாவற்றையும் படித்திருக்கிறான்! ஆரினுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கார்விக் உள்ளே போய் மூன்று காப்பித்தூள் டப்பாக்களோடு வந்து அவற்றை மேஜையில் கவிழ்த்தார். எல்லாம் அதே அட்டை. நானூறோ ஐந்நூறோ இருக்கும். அத்தனையிலும் அந்தப் பையன் தொப்பியைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு சிரித்தான்.

"எந்தெந்த ஊர்ல இருந்தோ அனுப்புறாங்க. குப்பையில போட மனசு வரல. திருப்பி அனுப்பவும் வரல."

"ஏங்க?"

"லானி எழுபத்தொண்ணு ஜனவரில செத்துட்டான். இந்த அட்டை கடைக்கு வந்தது ஏப்ரல்ல. ரோடெல்லாம் ஐஸு, வண்டி பாலத்துல மோதுச்சு. ஓட்டுனது நான். குடிச்சிருக்கல. அது ஒண்ணைத்தான் எனக்கு நானே சொல்லிக்கிறேன்."

சிலிண்டர் மட்டும் உஸ் உஸ்ஸென்றது.

"அவனுக்குன்னு ஒரு அட்டைகூட வரல. இது ஒண்ணுதான். அவங்கம்மா கடை கடையா ஏறி, பாக்கெட் பாக்கெட்டா வாங்கிப் பிரிச்சாங்களாம், புள்ள படம் கிடைக்குமான்னு. கிடைச்சுது. கீழ என் பேரு."

தான் எழுதிய இருபத்திரண்டு கேலியும் ஆரினின் காதில் தன் குரலிலேயே கேட்டன. எழுந்திருக்க வேண்டிய நேரம் அதுதான். வெல்மா இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து இழுத்திருப்பாள். ஆனால் சட்டைப்பையில் அட்டை நெஞ்சை உறுத்திக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருடமாகக் காலியாகக் கிடக்கும் அந்தப் பையும் கண்ணுக்குள் நின்றது.

"எனக்கு இந்தக் குளிர்காலம் தாண்டாதுங்க," என்றார். சொல்லி முடிக்கும்போதே அசிங்கமாக இருந்தது. ஆனால் திரும்ப விழுங்கிக்கொள்ளவும் இல்லை.

கார்விக் குழாயைப் பார்த்தார். பிறகு சிலிண்டரை.

"நீங்களும் ஒரு சாவைக் கொண்டாந்து என் முன்னால வெக்கிறீங்க, பெரியவரே. பேனா இருக்கா?"

இருந்தது. ஒன்று எழுதாமல் போனால் என்று இரண்டு வைத்திருந்தார்.

"எங்க போடணும்?"

"ஓரமா... ஓரமாப் போட்டாப் போதும்."

"ஓரம் எங்க இருக்கு? அட்டை முழுக்க அவன்தானே."

கன்னத்தில் தொடங்கிக் கழுத்துவரை நீல மையில் 'டேல் கார்விக்' என்று எழுதினார். மை காயும்வரை அட்டையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு நீட்டினார்.

"இனிமே கடுதாசி வேண்டாம்."

ஆரின் படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தார். கார்விக் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தலைகீழாகப் போய்விடாமல் நிமிர்த்தி, டப்பாவுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கிடைச்சுதாப்பா?"

"ம்."

"பின்ன ஏன் மூஞ்சி இழவு வீட்டுக்குப் போய் வந்த மாதிரி இருக்கு? எவ்வளவு பெட்ரோல் போட்டிருக்கேன், கொஞ்சம் சிரியேன்!"

"வண்டியப் பாத்து ஓட்டு கண்ணு. மெதுவாப் போ," என்றார். ஆற்றுப்பாலம் தாண்டும்வரை சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அன்று சாயங்காலமே ஆல்பத்தை எடுத்தார். எல்லா அட்டைகளும் முகம் தெரிய இருந்தன. நானூற்றுப் பன்னிரண்டை மட்டும் திருப்பிச் செருகினார். பின்பக்கம் கார்விக்கின் உயரம், எடை, ஜெயித்தது ஒன்பது, தோற்றது பதினொன்று என்று பொடி எழுத்தில் இருந்தது. மூடி வைத்தார். அதற்குப் பிறகு அவர் ஆல்பத்தைத் திறந்ததாக டார்லீனுக்கு நினைவில்லை. தபால் பெட்டிக்கும் போகவில்லை. வந்த கடிதங்கள் மூன்று நான்கு நாள் அங்கேயே கிடந்தன.

பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தார்.

அடக்கத்துக்கு மறுநாள், சவப்பெட்டி பக்கத்தில் வைக்க மறந்துபோன அந்த ஆல்பத்தை டார்லீன் சமையல்கட்டு மேஜையில் வைத்துப் புரட்டினாள். அறுநூற்று நாற்பத்துநான்கும் இருந்தன. ஓர் அட்டை மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. கை ஓய்ந்துபோயிருந்த காலத்தில் அப்பா தவறாகச் செருகிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தாள். நகத்தால் மெல்ல நெம்பி வெளியே எடுத்து, சிரிக்கும் முகம் மேலே வரும்படி திருப்பி வைத்தாள்.