தார்ப்பாய் போட்ட லாரிகள்

காலை ஒன்பது பதினேழு. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் பிரேயர் முடிந்திருந்தது. ஆசிரியர் அறையில் போனைத் திறந்தேன். என்னிடம் இருந்த மில் பங்கு, சந்தை திறந்த இரண்டே நிமிடத்தில் அன்றைக்கு விழக்கூடிய கடைசி எல்லையில் நின்றது. விற்பவர்கள் வரிசையாக இருந்தார்கள். வாங்க ஒருவர்கூட இல்லை. அதில் கிடந்தது மகளின் மதுரைக் கல்லூரிக் கட்டணம். கணவருக்குத் தெரியாமல் போட்டது.

போன மாதம் நடந்ததுதான். ஆனால் நினைவு என்னவோ அந்த ஆறு வருடத்து பஸ் பயணத்துக்கே ஓடுகிறது.

இராஜபாளையத்திலிருந்து தினமும் நானும் கணக்கு டீச்சரும் ஒன்றாகப் போவோம். மூத்தவர் என்பதால் அக்கா என்றே கூப்பிடுவேன். பங்கு வாங்குமுன் கம்பெனிகளின் ஆண்டறிக்கையை மடியில் விரித்து, விடைத்தாள் திருத்துவதுபோல் சிவப்புப் பேனாவால் கோடு போடுவார். எனக்கு அறிக்கையைவிட சாலைமேல்தான் நம்பிக்கை. நைட் ஷிப்ட் முடிந்து ஏறுகிறவர்களின் தலையில் பஞ்சு அப்பியிருந்தால் மில் நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம்.

"ஏட்டி, இப்படி ஊரான் தலையையே பாத்துட்டு வந்தா பேன் பாக்கதா நெனைப்பாவ," என்பார் அக்கா.

ஒருநாள் கண்டக்டர் கேட்டார்: "எங்க பஸ்சுக்கும் ஷேர் உண்டா டீச்சர்?"

"மொதல்ல மீதிச் சில்லறையக் குடுங்க, பொறவு யோசிக்கோம்," என்றார் அக்கா. பக்கத்து சீட்டெல்லாம் சிரித்தது.

அப்படிப் பார்த்து வாங்கிய ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனிப் பங்கில்தான் மகளுக்கு சைக்கிள் வந்தது. எனக்குத் தைரியமும் வந்தது.

பங்குனி வாக்கில், பஸ் போகும் வழியில், இப்போது விழுந்த அந்த நூல் மில்லின் வாசலில் லாரிகள் நிற்கத் தொடங்கின. தார்ப்பாயை இழுத்துக் கட்டி, டயர் அமுங்க, வாரக்கணக்கில் வெளியே போயின. ஆர்டர் குவிகிறது என்று முடிவு கட்டினேன்.

"அறிக்கையில நூல் விற்பனை கூடலயே. செத்த பொறு," என்றார் அக்கா. நான் பொறுக்கவில்லை.

பங்கு விழுந்த அன்று காலை, முதல் பீரியட் முடிந்ததும் அக்கா போனோடு வந்தார். மில் வெளியிட்ட அறிவிப்பு அதில் இருந்தது. ஒரு யூனிட்டை மூடிவிட்டார்கள்.

"நீ பாத்தது நூல் லோடு இல்லட்டி. மெஷினக் கழத்தி வித்திருக்கான்."

அந்த வாரங்களில் பஞ்சுத் தலையோடு எத்தனை பேர் ஏறினார்கள் என்று யோசித்தேன். தெரியவில்லை. லாரிகளைக் கண்ட நாளிலிருந்து நான் ஆட்களைப் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஆறரைக்கு மகள் வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். தோள்பையைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"காலேஜ்ல அடுத்த வெள்ளி வரைக்கும் டைம் குடுத்திருக்காவ," என்றாள். "அப்பா ஏழு மணிக்கு வந்துருவாவ. நீ சொல்லுதியா, நான் சொல்லட்டுமா?"