மமதா பாடுவதை நிறுத்திய வருஷம்

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் அந்த வீட்டின் அக்கா தங்கை இருவரில் பாடகி என்றால் அது மமதாதான். அம்மன் திருவிழா மேடையிலும், பெங்களூருக்குத் தையல் வேலைக்குப் போகும் காலை ரயிலிலும் கூச்சமே இல்லாமல் பாடுவாள். அக்கா புஷ்பவல்லி அடுப்படியில் மட்டும் பாடுவாள். யாராவது திரும்பிப் பார்த்தால் நிறுத்திவிடுவாள்.

பெங்களூரில் டிவி பாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் மமதா இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டாள். தனியாகப் போகப் பயமாம். அது பொய் என்று அக்காவுக்குத் தெரியும்.

முதலில் மமதாவைக் கூப்பிட்டார்கள். பல்லவி முடிவதற்குள் "போதும்மா" என்றார்கள். சிரித்துக்கொண்டே வெளியே வந்தவள் அதை அக்காவிடம் சொல்லவில்லை. புஷ்பவல்லி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னால ஆவாது. வா, வூட்டுக்குப் போயிடலாம்."

"இன்னாக்கா நீ! இவ்ளோ தூரம் வந்துட்டு? என் மூஞ்சிய மட்டும் பாத்துப் பாடு."

நடுவர்களின் முதுகுக்குப் பின்னால், திறந்த கதவருகே மமதா நின்றுகொண்டாள். புஷ்பவல்லியின் முதல் வரி நடுங்கியது. தங்கையின் உதடுகளும் கூடவே அசைவதைப் பார்த்தாள். அப்புறம் குரல் தானாக வந்தது. முழுப் பாட்டையும் பாடவிட்டு, அடுத்த சுற்றுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பும் ரயிலில்தான் தங்கை பாடியது என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றியது.

"ரெண்டு வரியில நிறுத்திட்டாங்க" என்று மமதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்ப நானும் போவல."

"எனக்கோசரம் வுட்டேன்னு ஆயுசுக்கும் சொல்லிகினு இருக்கப்போறியா? போக்கா."

போனாள். மூன்றாம் சுற்றில் தோற்றாலும், டிவியில் பார்த்த ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் தேடி வந்தார்கள். இப்போது விசேஷ வீடுகளில் பாடுகிறாள். கிளம்பும்போது புடவைக்கு மடிப்பு வைத்து பின் குத்திவிடுவது மமதாதான். ஆனால் அவள் பாடுவதில்லை. ரயிலில் பெண்கள் கேட்டால், "தொண்ட சரியில்ல" என்கிறாள். அப்படிச் சொல்ல ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து நந்திதுர்க்கில் ஒரு வளைகாப்பு. பாடி முடித்து புஷ்பவல்லி சீக்கிரமே திரும்பிவிட்டாள். வீட்டுப் பின்பக்கம் மமதா துணி துவைத்தபடி பாடிக்கொண்டிருந்தாள். உச்சத்தில்கூடக் குரலில் பிசிறில்லை. புஷ்பவல்லி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டாள்.

எதிர்வீட்டு பார்வதம்மா எட்டிப் பார்த்து, "இன்னா புஷ்பா, வெளியவே நின்னுட்ட?" என்று சத்தமாகக் கேட்டார்.

பின்பக்கம் பாட்டு நின்றது.