முன்னாலேயே கொடுத்த முடி

அம்மனை நம்பி வாழும் என் சகோதர சகோதரிகளுக்கு, மலாக்காவில், லூபோக் சீனா பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இருக்கும் கலைவாணி எழுதுவது. எனக்கு மேடையில் பேச வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் சரவணன் எண்ணெய்க் கப்பலில் வேலை செய்கிறார். எஞ்சின் அறையில் வேலை. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும் இடம் அது, ஜன்னல் கிடையாது. மேலே என்ன நடக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வார்கள். அவருடைய கப்பல் வளைகுடாவுக்குள் எண்ணெய் ஏற்றப் போயிருந்தபோது போர் மூண்டுவிட்டது. வெளியே வர ஒரே வழி ஹோர்முஸ் நீரிணை. அந்த வழியாக வந்த கப்பல்கள் மேல் ட்ரோன் விழுகிறது, தண்ணீரில் கண்ணிவெடி மிதக்கிறது என்றார்கள். போகவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் கப்பல்கள் நங்கூரம் போட்டுக் கிடந்தன.

கப்பல் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஆப் ஒன்று என் கைப்பேசியில் உண்டு. சின்ன அம்புக்குறி ஒன்று தெரியும். அதுதான் என் வீட்டுக்காரர். காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த அம்புக்குறியைத்தான் பார்ப்பேன். ஒருநாள் பார்த்தால் அது கடலில் இல்லை, பாலைவனத்துக்கு நடுவில் நிற்கிறது. உடனே அவருக்குச் செய்தி போட்டேன். சிக்னலைக் குழப்புகிறார்கள், கப்பல் கடலில்தான் இருக்கிறது என்று அவர் பிறகு சொன்னார். அதற்கப்புறம் அம்புக்குறியே காணாமல் போய்விட்டது. எதிரி கண்டுபிடிக்கக் கூடாது என்று கப்பல்காரர்களே சிக்னலை அணைத்துவிட்டார்களாம். நல்லதுக்குத்தான் செய்தார்கள், ஆனால் நான் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது?

சோறு இறங்கவில்லை. மஸ்ஜித் தானா டவுனில் நான் வேலை செய்யும் சலவைக் கடையில் ஒரு வாடிக்கையாளரின் வெள்ளைச் சட்டையைத் தீய்த்துவிட்டேன். முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பினார். நேராகப் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். தோட்டத்து வீடுகளையெல்லாம் இடித்துவிட்டார்கள், எண்ணெய் தரும் செம்பனை மரங்களுக்கு நடுவில் கோயில் மட்டும் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து அழுதேன். என் முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். என் கணவருக்கு அதில் ஒரு கிறுக்கு, வெட்ட விடமாட்டார். “தாயே, அவர் அந்த நீரிணையைத் தாண்டி வெளியே வந்தால், உடனே, தாமதிக்காமல் முடி இறக்குகிறேன்” என்று வேண்டிக்கொண்டேன்.

என் கணவர் செய்தி அனுப்பினால் எழுத்தை மிச்சம் பிடிப்பார். மலாயில்தான் அனுப்புவார், அதுவும் அரைகுறையாக. 'செலாமாட்', அதாவது பத்திரம் என்று முழுதாக எழுதமாட்டார். எஸ், எல், எம், டி, அவ்வளவுதான். கல்யாணமான புதிதிலிருந்தே இப்படித்தான்.

ஒரு வியாழக்கிழமை சாயந்திரம் செய்தி வந்தது. 'சுடா', பக்கத்தில் எஸ், எல், டி. சுடா என்றால் ஆகிவிட்டது. பத்திரமாகிவிட்டது என்று படித்தேன். அவசரத்தில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார் என்று சிரிக்கக்கூடச் செய்தேன். எத்தனை நாள் கழித்துச் சிரிக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையிலேயே கோயிலுக்குப் போய் முடி இறக்கினேன். பூசாரி மாமா கத்தி வைக்கும்போது, “நல்லா யோசிச்சிட்டியாம்மா?” என்று கேட்டார். “கப்பல் வெளிய வந்திருச்சு மாமா, வைங்க” என்றேன். பொங்கல் வைத்து, கோயிலுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன்.

மீதிப் பொங்கலைப் பக்கத்து வீட்டு காக் யாவுக்கு எடுத்துப் போனேன். மலாய்க்கார அம்மா, எனக்கு அக்கா மாதிரி. என் மொட்டைத் தலையைப் பார்த்து வாயில் கை வைத்தவர், விஷயத்தைச் சொன்னதும் கட்டிக்கொண்டார். செய்தியைக் காட்டச் சொன்னார். காட்டினேன். படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

“கலை, இனி செலாட் லா. புக்கான் செலாமாட்.”

இது 'செலாட்', 'செலாமாட்' இல்லை என்கிறார். செலாட் என்றால் நீரிணை. நாம் பிறந்து வளர்ந்ததே செலாட் மலாக்காவின் கரையில், அந்த வார்த்தை எனக்குத் தெரியாததா? பத்திரம் என்று படிக்க ஆசைப்பட்டேன், அப்படியே படித்துவிட்டேன். அவர் வெளியே வந்துவிட்டதாகச் சொல்லவில்லை. உள்ளே நுழைந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்.

காக் யா வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் கணவருக்குப் போன் போட்டால் அடிக்கவே இல்லை. அவரைக் கப்பல் வேலைக்கு அனுப்பிய ஏஜெண்டைக் கூப்பிட்டேன். கப்பலோடு தொடர்பு இல்லை, காத்திருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். சாயந்திரச் செய்தியில் அந்த நீரிணையில் ஒரு கப்பல் எரிவதைக் காட்டினார்கள். பெயர் சொல்லவில்லை. புகைதான் தெரிந்தது.

செர்காமிலிருந்து என் கணவரின் அக்கா வந்தார்கள். அண்ணிக்கு நான் முடி இறக்கியது தெரியாது. வாசலில் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

“என் தம்பி உசுரோட இருக்கும்போதே உனக்கு என்னாம்மா மொட்ட? பாக்குறவங்க என்னா நெனப்பாங்க?”

அண்ணி கெட்டவர் இல்லை. தம்பியை நினைத்த வேதனையில் வந்த வார்த்தை. ஆனால் அதுதான் என்னைக் கொன்றது. கண்ணாடியில் பார்த்தேன். தாலி இருக்கிறது, பொட்டு இருக்கிறது, முடி இல்லை. என் கையாலேயே அவருக்கு அபசகுனம் தேடிக்கொண்டேனோ என்று தோன்றியது. தலையை வெட்டினாலும் பரவாயில்லை, முடியை மட்டும் திரும்ப ஒட்ட முடிந்தால் போதும் என்று இருந்தது.

மறுநாள் காலையில் கோயிலுக்கு ஓடினேன். பூசாரி மாமாவிடம் தப்பாகப் படித்ததைச் சொன்னேன். இதற்குப் பரிகாரம் உண்டா என்று கேட்டேன். அவர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

“என்னா பரிகாரம்? காரியம் முடியறதுக்கு முன்னாடியே நீ குடுத்திட்ட. அவளும் வாங்கிட்டா. வாங்குனத திருப்பிக் குடுக்க முடியாதுல. இனிமே அவதான்லா ஒனக்குக் குடுக்கணும். உள்ள போய்க் கேளு.”

உள்ளே போனேன். கும்பிடவில்லை. சண்டை போட்டேன். “நான் தப்பாகப் படித்தேன், உனக்குமா படிக்கத் தெரியாது? வாங்கும்போது தெரிந்துதானே வாங்கினாய்? வாங்கிக்கொண்டாய் அல்லவா, அவரைக் கொடு” என்று கேட்டேன். தொண்டை கட்டிப்போகும் வரை கேட்டேன். அன்றைக்கு முழுவதும் அங்கேயே கிடந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மணி அடிக்கவில்லை, பூ விழவில்லை. இருட்டிய பிறகு அண்ணிதான் வந்து, தன் சால்வையை என் தலையில் சுற்றி வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கைப்பேசி சத்தம் கேட்டது. அவர்தான். ஒரே ஒரு வார்த்தை, ஆனால் ஓர் எழுத்து விடாமல் முழுதாக இருந்தது. என் கண்ணை நான் நம்பவில்லை. செருப்புக்கூடப் போடாமல் காக் யாவிடம் ஓடி, “பாச்சா காக், பாச்சா” என்று நீட்டினேன், படியுங்கள் என்று. அவர் விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுப் படித்தார்.

“செலாமாட், கலை. செலாமாட்.”

இரண்டு பேரும் அழுதோம். பின்னால் வந்த அண்ணியும் அழுதார்கள்.

பிறகுதான் விவரம் தெரிந்தது. அந்த வெள்ளிக்கிழமை அவர்களுக்கு முன்னால் போன கப்பல் அடிபட்டு எரிந்திருக்கிறது. அடுத்த ட்ரோன் இவர்கள் கப்பலுக்குப் பக்கத்தில் தண்ணீரில் விழுந்திருக்கிறது. அதிர்ச்சியில் கரண்ட் போய், எஞ்சின் நின்றுவிட்டது. கண்ணிவெடி இருக்கும் என்று பயந்த பக்கமாகவே கப்பல் மிதந்து போயிருக்கிறது. மேலே ஏறி ஓடலாம் என்று சொல்லியும், எஞ்சின் அறையில் இருந்த யாரும் ஏறவில்லையாம். டார்ச் வெளிச்சத்தில் திரும்பத் திரும்ப முயன்று எஞ்சினைக் கிளப்பியிருக்கிறார்கள். நான் முடி கொடுத்த நேரமும் அந்த நேரமும் ஒன்றா என்று அண்ணி கணக்குப் பார்க்கச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. அவர் வந்தார், எனக்கு அது போதும்.

எரிந்த கப்பலில் இருந்தவர்களில் சிலர் வீடு திரும்பவில்லை. அவர்களுக்காகவும் எங்கேயோ ஒருத்தி என்னைப் போல் வேண்டியிருப்பாள். அவளுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று அம்மனிடம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். வெள்ளிதோறும் அவர்களுக்கென்று ஒரு விளக்கு தனியாக ஏற்றுகிறேன்.

மலாக்கா சென்ட்ரலில் பஸ்ஸை விட்டு இறங்கியவர் என் தலையைப் பார்த்தார். தடவிப் பார்த்துவிட்டு, “பரவால்லயே, ஷாம்பு மிச்சம்” என்றார். சொல்லிக்கொண்டே அழுதார். இப்போது செய்தியில் ஓர் எழுத்தைக்கூட விடுவதில்லை.

முன்பெல்லாம் காரியம் நடந்தால் கொடுக்கிறேன் என்று அம்மனிடம் பேரம் பேசுவேன். இப்போது அப்படி இல்லை. உங்களுக்கும் தாங்க முடியாத கஷ்டம் இருந்தால், நடக்கட்டும் என்று காத்திருக்காமல் முதலில் நன்றி சொல்லிவிடுங்கள். அப்புறம் உரிமையோடு கேளுங்கள், சண்டை போட்டாலும் கோபிக்கமாட்டாள்.

அடுத்த வாரம் அவர் மறுபடியும் கப்பல் ஏறுகிறார். அவருக்குத் தெரிந்த வேலை அதுதான். போர் இன்னும் முடிந்தபாடில்லை. என் முடி இப்போதுதான் காதை மறைக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. இன்று காலையில் கோயிலுக்குப் போய் அதையும் கொடுத்துவிட்டு வந்தேன்.