சாமிக்கு நேர்ந்த சேவலும் கோலாலம்பூர் ராட்டினமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. கோல சிலாங்கூர் பக்கம் நான் டிராக்டர் ஓட்டிய தோட்டத்தில் பேய் பார்க்காதவனே கிடையாது. பாதிப் பேர் இருட்டில் பார்த்தார்கள், மீதிப் பேர் சம்சு சாராயம் போட்டுவிட்டுப் பார்த்தார்கள். எல்லாக் கதையையும் கேட்டுச் சிரித்தவன் நான். அதனால் இப்போது நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து என் மனைவி தனம் உண்டாகியிருந்தாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் தோட்டத்து முனியாண்டிக்குச் சேவல் அறுப்பதாக வேண்டிக்கொண்டு, ஒரு சேவலின் காலில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் அந்தச் சேவலுக்கு இருந்த மரியாதை எனக்கு இல்லை. என் தட்டில் மீன் குறைந்தாலும் அதன் தட்டில் அரிசி குறையாது. "அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா பிள்ளைக்கு ஆகும்" என்பாள். நான் சிரிப்பேன், ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

வளைகாப்புக்கு அவள் பத்தாங் காலியில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வளையல் வாங்க நான் கோலாலம்பூருக்கு பஸ் ஏறினேன். வீட்டைப் பார்த்துக்கொள்ள ரவாங்கிலிருந்து அவள் தம்பி குணா வந்திருந்தான். கம்பெனி வேலை, டவுன் பையன். மஞ்சள் கயிறு கட்டிய சேவலைத் தொடக்கூடாது என்பது தோட்டத்தில் தவழுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும், அதனால் அவனுக்குச் சொல்லி வைக்க வேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லை.

வளையல் வாங்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு திடலில் ராட்டினம் போட்டிருந்தார்கள். அப்பாடி, என்ன உயரம். எங்கள் தோட்டத்தில் உயரமென்றால் தண்ணீர்த் தொட்டிதான். பொழுது சாய்கிற நேரம், மேலே போனால் கோலாலம்பூர் முழுக்கத் தெரியும் என்று ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறார்கள், சரி, வந்ததும் வந்தோம் என்று ஒரு மஞ்சள் கூண்டில் ஏறி உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் ஏற வந்தவரை ராட்டினக்காரர் கையை நீட்டித் தடுத்து, இதில் இரண்டு பேர் ஆகிவிட்டது, அடுத்ததில் ஏறு என்றார். இருந்தது நான் ஒருத்தன். என் தொப்பையைத்தான் கேலி செய்கிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. போதாக்குறைக்கு எவனோ கீழே சுருட்டுப் பிடிக்கிறான், அந்த நாற்றம் மேலே வரைக்கும் கூடவே வந்தது.

உச்சியில் கூண்டு நின்றது. குனிந்து பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், கீழே கோலாலம்பூர் இல்லை. செம்பனை மரங்கள், எங்கள் லயத்து வீட்டு வரிசை, எங்கள் வீட்டுப் பின்வாசல். அங்கே குணா நிற்கிறான், அதுவும் என் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு. சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் சட்டைக்காகத்தான் கோபம் வந்தது. அப்புறம்தான் பார்த்தேன், அவன் ஒரு கையில் கத்தி, இன்னொரு கையில் மஞ்சள் கயிறு கட்டிய கால்.

தனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பதுதான் கண்ணுக்குள் வந்தது. எழுந்து நின்று, "டேய் குணா, விடுடா அதை, சாமிக்கு நேர்ந்ததுடா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். எல்லாக் கூண்டிலும் ஒரே சிரிப்பு. கண்ணை மூடித் திறந்தால் பழையபடி கோலாலம்பூர் விளக்குகள். நான் எழுந்த வேகத்துக்கு மடியிலிருந்த வளையல் பெட்டி விழுந்து நொறுங்கியிருக்க வேண்டும். அது என் பக்கத்து இடத்தில் பத்திரமாக இருந்தது. பயப்படுகிறவர்கள் எல்லாம் எதற்கு ஏறுகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே ராட்டினக்காரர் என்னை இறக்கிவிட்டார்.

கிடைத்த பஸ்ஸைப் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன். சேவல் கூரைமேல் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது. குணா போர்வைக்குள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தான், என் சட்டையைக்கூட இன்னும் கழற்றவில்லை. நான் கேட்பதற்கு முன்பே அவனே ஆரம்பித்தான்.

"சாமி கோழின்னு சத்தியமா தெரியாது மாமா. நீங்க தண்ணித் தொட்டிக்கு மேல மஞ்சப் பெட்டியில நின்னு கத்துனதும் விட்டுட்டேன்."

சட்டையை மறந்துவிட்டு நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் போர்வையை விலக்கி மெதுவாகக் கேட்டான்: "ஒங்க பக்கத்துல ஒக்காந்து சுருட்டுப் பிடிச்சிக்கிட்டு ஒருத்தர் சிரிச்சாரே, பெரிய மீச, அவரு யாரு மாமா?"

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. முனியாண்டிக்குச் சேவலோடு, யாரும் சொல்லாமலே நான் ஒரு கட்டுச் சுருட்டும் வைத்தேன். தனம் என்னை அதிசயமாகப் பார்த்தாள்.

இன்றைக்கும் எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் பஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது ஒரு பக்கமாக ஒதுங்கியே உட்காருகிறேன். போன வாரம் பஸ்ஸில் நல்ல கூட்டம். நின்றுகொண்டிருந்த ஒரு அம்மாவிடம், உட்காருங்கள் என்று பக்கத்து இடத்தைக் காட்டினேன். அவர் இடத்தைப் பார்த்தார், என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், "அதான் ஆளு இருக்காங்களே" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய்விட்டார்.